சொல் போன பிறகும் நிற்கும் மெட்டு

எங்கள் தெருமுனையில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, கூடவே ஒரு காலி கேசட்டையும் கொடுத்தால் நாலு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் ஆறு பாட்டு 27 நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் 3 நிமிடத்தை வீணாக்க மனமில்லாமல் கடைக்காரர் ஏழாவதாக ஒன்றைப் போட்டுவிடுவார். அந்தப் பாட்டு முதல் சரணத்தைத் தாண்டி, இரண்டாவது இடையிசையின் நடுவில் 'டக்'கென்று நின்றுவிடும். என் கேசட்டில் அப்படி வெட்டுப்பட்டது 'இளைய நிலா பொழிகிறதே'. இன்றைக்கும் அதை எங்கே முழுசாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் என் காது ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் மேலே போகிறது.

அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தை எனக்குத் தடுமாறாமல் சொல்லத் தெரியாது. ஆனால் முகப்பில் வரும் கிட்டாரையும், வெட்டுப்படும் வரைக்குமான இடையிசையையும் அட்சரம் பிசகாமல் வாயாலேயே வாசித்துவிடுவேன். இது என் ஒருவனுடைய கோளாறு கிடையாது. கல்யாண வரவேற்பில் லைட் மியூசிக் நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். பாடகர் ஒரு வரியை மாற்றிப் பாடினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கீபோர்டுக்காரர் இடையிசையில் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டால் முன்வரிசை மாமா முகத்தைச் சுளிப்பார்.

திரையிசை ஏன் மறப்பதில்லை என்று கேட்டால் நல்ல மெட்டு, நல்ல குரல், நல்ல வரி என்றுதான் சட்டென்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் நல்ல பாட்டு எது என்பதற்குத்தான் அது பதில். படத்தின் இசை என்பது பாட்டோடு முடிவதில்லை. நம் படங்களில் நன்றாக வேலை செய்த இசையைக் கூர்ந்து கேட்டால் ஒரு காரியம் திரும்பத் திரும்ப நடப்பது தெரியும். முதலில் மெட்டைச் சொல்லோடு கொடுக்கிறார்கள். நாம் மனப்பாடம் செய்துகொண்ட பிறகு சொல்லை உருவிக்கொண்டு, வெறும் மெட்டை ஏதோ ஒரு காட்சியின் அடியில் விடுகிறார்கள். சொல்லை நாமே போட்டுக்கொள்கிறோம். இசையமைப்பாளர் பாதி, கேட்பவர் பாதி என்று சேர்ந்து செய்கிற வேலை இது. நினைவில் ஒட்டிக்கொள்வது அந்த இரண்டாவது பாதி என்பது என் கணிப்பு.

இதற்கு முதல் தேவை, படம் வருவதற்கு முன்னால் பாட்டு வந்துசேர வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' வந்தபோது அப்படி ஒரு வழியே கிடையாது. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் கொட்டகைக்குப் போக வேண்டும், அல்லது கிராமபோன் தட்டு வாங்கும் வசதி வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. 'மன்மத லீலையை' கேட்பதற்காகவே அதே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு கேசட், ரேடியோ, யூடியூப் எல்லாமே அந்தக் கொட்டகைதான்.

அப்புறம் வானொலி. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக வந்ததும், தரம் குறைந்தது என்று சொல்லி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கை வானொலிக்கு அது யோகமாகிவிட்டது. ராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் ரேடியோ முள்ளை கொழும்பில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை வளர்ந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கித்தான் டெல்லி சமாளித்தது. அதன் பிறகு டீக்கடை, டவுன் பஸ், கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் என்று பாட்டு தேடாமலே வந்து காதில் விழுந்தது. கேசட் காலத்தில் படம் வெளியாவதற்கு முன்பே பாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆக, டிக்கெட் எடுத்து உள்ளே உட்காருபவர் மெட்டை முன்பே மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்காருகிறார்.

ஹாலிவுட் இசையமைப்பாளருக்கு இந்த வசதி கிடையாது. 1975இல் 'ஜாஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் இரண்டே ஸ்வரங்களை வைத்துச் சுறாவைக் கொண்டுவந்தார். அந்த இரண்டு ஸ்வரம் கேட்டால் சுறா வருகிறது என்று படத்துக்குள்ளேயே, முதல் சில நிமிடங்களில் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார். பையன்கள் அட்டைத் துடுப்பை வைத்துக்கொண்டு விளையாட்டாகப் பயமுறுத்தும் காட்சியில் அந்த இசை வராது. அது பொய்ச் சுறா என்று காது நமக்கு முன்பே சொல்லிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் இரண்டு ஸ்வரத்தால் 'சுறா' என்று மட்டும்தான் சொல்ல முடியும். நம் ஊர் மெட்டு ஒரு முழு வாக்கியத்தையே சொல்லும். எப்படி என்பதற்குக் கொஞ்சம் கம்போசிங் அறைக்குள் போக வேண்டும்.

நம் பாட்டுகளில் பெரும்பாலானவை மெட்டுக்கு எழுதப்பட்டவை. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு 'தன்னன்னா தானனா' என்று தத்தகாரம் பாடுவார். கவிஞர் அந்தச் சந்தத்துக்குள் சொல்லை உட்கார வைப்பார். குறில் விழுந்த இடத்தில் குறில், நெடில் விழுந்த இடத்தில் நெடில். கர்நாடகக் கீர்த்தனையில் ஒரே எழுத்து பத்து ஸ்வரத்துக்கு நீளும், ஒவ்வொரு சங்கதிக்கும், அதாவது அதே வரியைச் சற்று மாற்றிப் பாடும் ஒவ்வொரு முறைக்கும், வேறு வழியாகப் போகும். சினிமா மெட்டில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு ஸ்வரம், மிஞ்சினால் இரண்டு. 'சின்னச் சின்ன ஆசை' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'தன்னத் தன்ன தானா'. சொல்லின் எலும்புக்கூடும் மெட்டின் எலும்புக்கூடும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் யாராவது அதை வெறும் குழலில் வாசித்தாலும் குழல் தமிழ் பேசுவதுபோலக் கேட்கிறது. வாத்தியத்துக்குச் சொல் தெரியாது. நமக்குத் தெரியும்.

இதோடு எதுகை மோனை சேர்ந்துகொள்கிறது. பழமொழியையும் விடுகதையையும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் நூறு நூறாக நினைவில் வைத்திருந்தது எதுகை மோனையால்தான். கண்ணதாசனுக்கு அந்த வித்தை கைவந்தது. 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தின் 'அத்தான் என்னத்தான்' பாட்டில் 'த்தான்' ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வெட்கம் முழுவதையும் சொல்லிவிடுவார். 1977இல் வந்த 'பட்டினப்பிரவேசம்' படத்தில் 'வான் நிலா நிலா அல்ல' என்ற பாட்டு வரிக்கு வரி 'லா'வில் போய் முடியும். ஒரு வரி மறந்தாலும் அடுத்த வரி எங்கே முடியும் என்று வாய்க்குத் தெரியும். இரண்டுக்கும் மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன், முதலாவதில் டி.கே. ராமமூர்த்தியும் கூட.

சரி, சொல்லோடு கொடுத்தாயிற்று. திரும்பக் கொடுப்பதில் பழைய வழி எளிமையானது: ஒரே பாட்டைச் சந்தோஷமாக ஒரு தடவை, சோகமாக ஒரு தடவை. அறுபதுகளின் படங்களில் இது சர்வ சாதாரணம். அதில் எனக்குப் பிடித்தது 1964இல் வந்த 'புதிய பறவை'. சிங்கப்பூர் கிளப் மேடையில் சௌகார் ஜானகி 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்று பாடுவார். பி. சுசீலாவின் குரல், விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெட்டு, எதிரே சிவாஜி மயங்கி உட்கார்ந்திருப்பார். அதே பாட்டு பிற்பாடு துயரச் சாயலோடு திரும்ப வரும். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மனைவி உயிரோடு வந்து நிற்கும் கதை அது. அந்தக் கதையில், 'ஞாபகம் இல்லையோ' என்று கேட்கும் ஒரு பாட்டே ஞாபகமாகத் திரும்ப வருகிறது. காதல் பாட்டில் கொஞ்சலாக இருந்த கேள்வி இரண்டாம் முறை குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும். சொல் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. இடையில் நமக்குக் கதை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வித்தையைப் பின்னணி இசைக்குள் கொண்டுபோய் இழைத்தவர் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அவர் பாட்டுகளைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அவருடைய ஆர்.ஆர். பற்றிப் பேச்சு பின்னால்தான் வந்தது. ஆர்.ஆர். என்றால் ரீரெக்கார்டிங். பின்னணி இசை சேர்ப்பதற்குக் கோடம்பாக்கம் வைத்திருக்கும் பெயர். பிலிம் காலத்தில் 1,000 அடி கொண்ட ஒரு ரீல் சுமார் 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதினாலு, பதினைந்து ரீல். ஒவ்வொரு ரீலாகத் திரையில் ஓட்டுவார்கள். வசனமும் சத்தமும் மட்டும் இருக்கும் அந்த மொட்டைப் படத்தை இசையமைப்பாளர் பார்ப்பார், எங்கே இசை தொடங்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார். இளையராஜா பார்த்து முடித்ததும் தாளை எடுத்து நேரடியாக ஸ்டாஃப் நொட்டேஷனில் (மேற்கத்திய இசைக்குறிப்பில்) எழுதத் தொடங்கிவிடுவார். வயலின்காரருக்கு ஒரு வரி, செல்லோவுக்கு ஒரு வரி, குழலுக்கு ஒரு வரி. உதவியாளர்கள் அதைப் பிரதி எடுத்து வாத்தியக்காரர்களின் ஸ்டாண்டில் வைப்பார்கள். ஒரு ஒத்திகை, பிறகு டேக். ஒரு முழுப் படத்தை மூன்று நாலு நாளில் முடித்துவிடுவார் என்பது அங்கே பழகிப்போன பேச்சு.

இவ்வளவு அவசரத்தில் ஒரு படத்துக்கு ஐம்பது புது மெட்டுப் போட முடியாது, போடவும் தேவையில்லை. கையில் ஏற்கெனவே நாலு மெட்டு இருக்கிறது, ஊரே அவற்றைப் பாடிக்கொண்டிருக்கிறது. எதை எங்கே எடுப்பது என்பதில்தான் மேதைமை.

1991இல் வந்த 'தளபதி'யை எடுத்துக்கொள்வோம். ஆரம்பம் கறுப்பு வெள்ளை. போகிப் பண்டிகை நாளில், அறியாப் பருவத்துப் பெண் ஒருத்தி பெற்ற குழந்தையைக் கூட்ஸ் ரயிலில் விட்டுவிடுகிறாள். ரயில் நகர்ந்துவிடுகிறது. அதன் பின்னால் எஸ். ஜானகியின் குரலில் 'சின்னத்தாயவள் தந்த ராசாவே' என்ற பாட்டு வருகிறது. வாலி எழுதியது. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ள எல்லாமே அந்த முதல் வரியிலேயே இருக்கிறது: அவள் சின்னவள், தந்துவிட்டாள், அவன் ராசா. படம் வண்ணத்துக்கு மாறி, ரஜினிகாந்த் வளர்ந்து நின்று அடிதடியில் இறங்கும்போது அந்தப் பாட்டை மறந்துவிட்டதாகத்தான் நினைப்போம்.

மறக்க விடமாட்டார்கள். தாயாக நடித்த ஸ்ரீவித்யா திரையில் வந்து, தொலைந்த பிள்ளையின் எண்ணம் அவர் முகத்தில் நிழலாடும்போது அந்த மெட்டு சொல்லில்லாமல் கசிந்து வரும். கோயிலில் தாயும் மகனும் சில அடி தூரத்தில் நிற்பார்கள். யார் யாரென்று இருவருக்கும் தெரியாது. தூரத்தில் ரயில் கூவும். அவள் திரும்புவாள், அவனும் திரும்புவான். அந்த இடத்தில் வசனகர்த்தா எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பாத்திரங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் தெரியும், அதைத் தெரியவைத்தது மெட்டு. 'சின்னத்தாயவள் தந்த ராசா இவன்தான் அம்மா, பக்கத்தில் நிற்கிறான் பார்' என்று நாம் மனசுக்குள் கத்துகிறோம். கத்த வைத்த சொற்களை நமக்கு எப்போதோ கொடுத்துவிட்டார்கள், படத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே.

இதே இளையராஜாவிடம் இன்னொரு வகையும் உண்டு. 1987இல் வந்த 'நாயகன்' படத்தின் 'தென்பாண்டிச் சீமையிலே'. புலமைப்பித்தன் எழுதியது. இந்தப் பாட்டின் வேர் ஏட்டில் இல்லை, தூளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் தாலாட்டுகளில் 'ஆரடிச்சு நீ அழுதே' என்று குழந்தையைக் கேட்பது வழக்கம். கேட்டுவிட்டு அம்மாவே பதிலும் சொல்வாள்: அத்தை அடித்தாளோ அல்லிப்பூச் செண்டாலே, மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே என்று. அடி என்று சொன்னாலும் அது பூவால் விழும் அடி. சொந்தபந்தம் சுற்றி இருக்கும் குழந்தைக்குத்தான் அந்தப் பாட்டுச் செல்லும். 'நாயகன்' பாட்டு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது, 'யார் அடிச்சாரோ' என்று. பூச்செண்டு பதில் வருவதில்லை. தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு ஓடிவந்த சிறுவன் வேலுவுக்கு அத்தையும் இல்லை, மாமனும் இல்லை.

இந்தப் பாட்டு படம் நெடுகத் துண்டு துண்டாக வரும். ஒரு பக்கம் இளையராஜாவின் குரலில், இன்னொரு பக்கம் கமல்ஹாசனின் குரலில், நடுவில் சொல் இல்லாமலும். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே கிழவன் வேலு நாயக்கர் சுடப்பட்டுச் சாயும்போது 'யார் அடிச்சாரோ' என்ற கேள்விக்கு நேரடிப் பதில் கிடைத்துவிடுகிறது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நம் கிராமங்களில் சந்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டையும் பாடியவர்கள் அதே பெண்கள். தொட்டிலில் தொடங்கிய மெட்டு பிணத்தருகே போய் நிற்பதில் காதுக்கு எந்த உறுத்தலும் இல்லாததற்கு அதுவே காரணம். இசையமைப்பாளர் பண்ணைப்புரம் என்ற கிராமத்தில் வளர்ந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

திரும்ப வருவது அலுக்காதா என்று கேட்கலாம். அப்படியே வந்தால் அலுக்கும். சில தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதே இசை இடித்துக்கொண்டு வந்து நம்மை எழுந்து போக வைப்பது அதனால்தான். மெட்டு மாறாமல் அதன் அடியில் உள்ள ஹார்மனி (கூடவே ஒலிக்கும் துணை ஸ்வரங்கள்) மாற வேண்டும், வேகம் மாற வேண்டும், வாத்தியம் மாற வேண்டும். ஒற்றைக் குழலில் வந்தால் தனிமை. அதே வரிக்கு அடியில் செல்லோக்கள் வேறு பாதையில் இறங்கினால் வரப்போகும் ஆபத்து. தெரிந்த முகம், ஆனால் இன்றைக்கு வேறு சட்டை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றதை இளையராஜா செலவழித்த இடம் இதுதான்.

இதுவரை மெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஓசையின் நிறம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் நினைவு உண்டு. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பழகிய பாப் பாட்டுகளின் ஒலிப்பதிவிலிருந்து 0.1 வினாடித் துண்டை மட்டும் போட்டுக் காட்டியபோதும், குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கூடுதலாகவே எது எந்தப் பாட்டு என்று ஆட்கள் கண்டுபிடித்தார்கள். 0.1 வினாடிக்குள் மெட்டு என்று ஒன்று நடக்கவே நேரமில்லை. அந்த ஒலிப்பதிவின் நிறத்தைத்தான் காது பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் 'இளைய நிலா' கிட்டாரின் முதல் நரம்பு அதிர்ந்ததும் நாலு தலைகள் நிமிர்வது இதனால்தான்.

1992இல் 'ரோஜா' செய்தது பெரிதும் இந்த இடத்தில். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறத்திலேயே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைக் கட்டியிருந்தார். நாற்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே மூச்சில் பதிவதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஓசையையும் தனித்தனியாக எடுத்து, நிதானமாக அடுக்கினார். ராத்திரி வேலை. அந்தக் கேசட்டை முதல்முறை போட்டபோது எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரே மாறிவிட்ட மாதிரி இருந்தது. அதுவரை 'கொர்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அடிநாதம் தனியாக, தெளிவாக நடந்து போயிற்று. 'சின்னச் சின்ன ஆசை'யின் மெட்டு எளிமையானதுதான், எழுபதுகளில் யாரும் போட்டிருக்கலாம். அந்த ஓசையை யாரும் போட்டிருக்க முடியாது. முதல் படத்துக்கே தேசிய விருது. 2005இல் 'டைம்' பத்திரிகை எக்காலத்துக்குமான பத்துச் சிறந்த திரையிசையில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

என் வாதத்துக்கு ஒரு முட்டுக்கட்டையும் ரஹ்மானிடமிருந்தே வருகிறது. 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் தீம். அது எந்தப் பாட்டின் மெட்டும் இல்லை. சொல் கொடுத்து, சொல்லை எடுத்து என்ற கணக்கே இல்லை. நவீன்குமாரின் குழல், அடியில் மெல்ல விரியும் நரம்பு வாத்தியங்கள், அவ்வளவுதான். ஆனாலும் மறப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் வித்தியாசம் ஒன்று தெரிகிறது. இந்த இசை தமிழ் தெரியாதவரிடமும் அதே அளவு வேலை செய்கிறது. பாலஸ்தீனப் படமான 'டிவைன் இன்டர்வென்ஷன்' (2002), ஹாலிவுட் படமான 'லார்ட் ஆஃப் வார்' (2005) ஆகியவற்றில் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கே துயரம் இருக்கிறதோ அங்கே பொருந்திவிடுகிறது. 'சின்னத்தாயவள்' மெட்டை அப்படி வெளிநாட்டுப் படத்துக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. செய்தால் அழகான ஒரு மெட்டாக மட்டும் கேட்கும். சொல் ஒளிந்திருக்கும் மெட்டு ஆழமாகப் போகிறது, ஆனால் அந்த மொழிக்காரரிடம் மட்டும். சொல்லே இல்லாதது அகலமாகப் போகிறது.

பாட்டே வேண்டாம் என்று துணிந்தவர்களும் உண்டு. வீணை எஸ். பாலசந்தர் 1954இல் 'அந்த நாள்' படத்தைப் பாட்டே இல்லாமல் இயக்கினார். இயக்கியவர் சங்கீதக்காரர் என்பதுதான் இதில் ருசி. 1988இல் பாலு மகேந்திராவின் 'வீடு'. அதிலும் பாட்டு கிடையாது. இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்?' என்று ஒரு தனி ஆல்பம் போட்டிருந்தார். அந்த இசைத்துண்டுகளைத்தான் பாலு மகேந்திரா எடுத்துக்கொண்டார். சிமெண்ட் விலைக்கும் மேஸ்திரி பேச்சுக்கும் நடுவில் அவதிப்படும் ஒரு பெண்ணின் கதைக்கு, படத்தையே பார்க்காமல் எழுதப்பட்ட இசை அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதின்வயதிலும் இருபதுகளிலும் நடந்தவை மற்ற வயதில் நடந்தவற்றைவிடப் பசுமையாக நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். 'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா' என்று சொல்பவர் எந்த வருடத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள், அவருடைய வயதைக் கண்டுபிடித்துவிடலாம். என் அப்பாவுக்கு அது 1964. எனக்கு 1991. நான் மேலே சொன்ன உதாரணங்களின் வருடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நானும் மாட்டிக்கொள்வேன். அதனால் இன்றைய மாஸ் பிஜிஎம்களை, அதாவது கதாநாயகனைத் தூக்கிக் காட்டும் பின்னணி இசையைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதாநாயகன் நடந்து வரும்போது போடும் இசை புதிது கிடையாது. 1992இல் 'அண்ணாமலை'யில் புள்ளிப் புள்ளியாக 'சூப்பர் ஸ்டார்' என்று எழுத்து வந்தபோது தேவா போட்ட ஓசைக்கு இன்றும் விசில் விழுகிறது. இப்போதைய சங்கதி என்னவென்றால், மெட்டு என்று முணுமுணுக்க எதுவும் இல்லாமல் தாளமும் உறுமலும் மட்டுமே வைத்து நாயகனுக்கு ஒன்று, வில்லனுக்கு ஒன்று என்று தைத்துவிடுகிறார்கள். தியேட்டரில் கேட்கும்போது நெஞ்சு அதிர்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓசை 'இவன் பெரிய ஆள்' என்ற ஒரே செய்தியைத்தான் பத்துத் தடவையும் சொல்கிறது. கதை நகர்ந்த பிறகும் அதன் பொருள் நகர்வதில்லை. பார்க்கிங்கில் வண்டியை எடுப்பதற்குள் மறந்துபோகிறது.

பழைய பாட்டையே வேறொரு படம் எடுத்துக்கொள்ளும்போதுதான் இப்போது அந்த வித்தை நன்றாக நடக்கிறது. 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படம். கொடைக்கானல் குகைக் குழிக்குள் விழுந்த நண்பனை மேலே தூக்கும்போது 'குணா'வின் (1991) 'கண்மணி அன்போடு காதலன்' ஒலித்தது. வாலி எழுதிய அந்தப் பாட்டில் இது மனிதக் காதல் அல்ல என்று சொல்லும் இடம் வரும்போது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் எழுந்து நின்றன. 33 வருடமாக ஒரு பைத்தியக்காரக் காதலனுடையதாக இருந்த வரி அன்றைக்கு ஒரு நண்பர் கூட்டத்துடையதாயிற்று.

எனக்கு அதைவிடவும் பிடித்தது 2018இல் வந்த '96'. 'தளபதி'யில் 'யமுனை ஆற்றிலே' என்று ஒரு குட்டிப் பாட்டு உண்டு. இரண்டு நிமிடம்கூட ஓடாது. கண்ணன் வருவான் என்று வழி பார்த்து வாடும் ராதையின் பாட்டு. '96'இல் பள்ளிக்கூடக் காலத்து ராம் அந்தப் பாட்டைத்தான் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவன் காதலிக்கும் ஜானு வேறு எதையெல்லாமோ பாடுவாள், அதை மட்டும் பாட மாட்டாள். இயக்குநர் பிரேம்குமார் நமக்கும் சேர்த்துத்தான் அதைத் தர மறுக்கிறார். பாட்டின் பெயர் காதில் விழுகிறது, பாட்டு விழுவதில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்தவர் யாருக்கும் அந்த மெட்டு தெரியும் என்பது அவருடைய தைரியம்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. சென்னையில் ராமின் வீடு. அவள் இன்னொருவர் மனைவி. ராத்திரியில் கரண்ட் போகிறது. இருட்டில், வாத்தியம் ஒன்றும் இல்லாமல், ஜானு அந்தப் பாட்டைத் தொடங்குகிறாள். வழக்கமாகச் சொல்லை எடுத்துவிட்டு மெட்டைக் கொடுப்பார்கள் என்றேன், இங்கே தலைகீழ். வாத்தியத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துவிட்டு, வெறும் சொல்லையும் குரலையும் கொடுக்கிறார்கள். ராம் விளக்குக்காகப் பதறித் தடுமாறுகிறான். நான் பார்த்த தியேட்டரில் அந்த நேரம் ஒரு பாப்கார்ன் சத்தம்கூட இல்லை. எனக்குப் பின்வரிசையில் யாரோ ஒரு பெண், ஜானு அடுத்த வரிக்கு வருவதற்குள் அந்த வரியை மெதுவாகப் பாடிவிட்டார்.